தகர டப்பாவில் பால்வீதி: ஹைட்ரஜன் கோட்டை நீங்களே அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இளநிலை இயற்பியல் படிக்கும் மாணவர்கள் ரேடியோ வானியலைப் பாடப்புத்தகத்தோடு முடித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று, கையால் செய்த கருவியில் கிடைத்ததுதான். நடுநிலை ஹைட்ரஜன் அணு 21 செ.மீ. அலைநீளத்தில் ரேடியோ அலையை வெளியிடும் என்று 1944-ல் வான் டி ஹல்ஸ்ட் கணித்தார். 1951-ல் ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்த யூவன், பேராசிரியர் பர்செல்லின் வழிகாட்டலில் அதைப் பிடித்துக் காட்டினார். ஒட்டுப்பலகையில் செம்புத் தகடு அடித்து, ஆய்வகச் சன்னலுக்கு வெளியே நீட்டிவைத்த கூம்புதான் அவருடைய ஆன்டெனா. மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியே அறைக்குள் இறங்கும். அதே சோதனையை இன்று கல்லூரி மொட்டை மாடியிலேயே செய்யலாம்.

படி 1: டப்பாவும் கூம்பும்

கடைக்குப் போகும்போது ஸ்கேலை மறக்காதீர்கள். வட்டமான தகர டப்பாவின் விட்டம் 12.4 செ.மீ.க்குக் குறைந்தால் நம் அலை உள்ளேயே நுழையாது, 16 செ.மீ.க்கு மேல் போனால் வேண்டாத அலைவடிவங்களும் சேர்ந்து வரும். 15 செ.மீ. நல்ல அளவு. மூடிய அடிப்பக்கத்திலிருந்து 9.3 செ.மீ. தள்ளிப் பக்கவாட்டில் துளையிட்டு, ஒரு கனெக்டரைப் பொருத்துங்கள். அதன் நடு ஊசியில் பற்றவைத்த செம்புக் கம்பி, சுமார் 5 செ.மீ. நீளத்துக்கு டப்பாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

டப்பாவின் திறந்த வாயில், அலுமினியத் தாள் ஒட்டிய கெட்டி அட்டையில் 70 செ.மீ. வாய் அகலமுள்ள கூம்பை இணையுங்கள். இணைப்புகளில் அலுமினிய டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். இது ஒரே நேரத்தில் வானில் சுமார் 20 பாகை அகலத்தைப் பார்க்கும்.

படி 2: பெருக்கியும் டாங்கிளும்

21 செ.மீ. அலைக்குரிய அதிர்வெண்ணான 1420 மெகாஹெர்ட்ஸுக்கான வடிகட்டி சேர்ந்த, குறைந்த இரைச்சல் பெருக்கி ஒன்று வேண்டும். அதை டப்பாவின் கனெக்டரிலேயே நேராக மாட்டுங்கள். நடுவில் நீளமான கேபிள் வந்தால், அதன் இழப்பு முழுவதும் இரைச்சலாகச் சேரும். பெருக்கியிலிருந்து கேபிள் வழியே ரேடியோ ஏற்பியாகச் செயல்படும் யூ.எஸ்.பி. டாங்கிளுக்கு (SDR), அங்கிருந்து மடிக்கணினிக்கு. மென்பொருளுக்கு இலவசமான குனூ ரேடியோ போதும்.

டாங்கிளின் மைய அதிர்வெண்ணை 1420.0-ல் வையுங்கள். நிறமாலையின் நட்டநடுவில் தெரியும் கூர்முனை டாங்கிளே உண்டாக்குவது. ஹைட்ரஜன் கோடு 1420.4-ஐ ஒட்டி வருவதால் இரண்டும் குழம்பாது.

படி 3: அளவுத்திருத்தம்

பலர் அவசரமாகத் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். நான் ஆசிரியராக இருந்தால் முழு மதிப்பெண்ணில் பாதியை இதற்கே கொடுப்பேன். வானத்தை அளக்குமுன் உங்கள் கருவி எவ்வளவு இரைச்சல் போடுகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

முதலில் டாங்கிளின் தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் எதை அளந்தாலும் ஒரே எண் வரும். பிறகு கூம்பைத் தரையை நோக்கிக் கவிழ்த்து, திறனைக் குறியுங்கள். தரை சுமார் 300 கெல்வின். அடுத்து பால்வீதி இல்லாத வானப்பகுதிக்கு நிமிர்த்துங்கள்; அது சுமார் 10 கெல்வின். முதல் திறனை இரண்டாவதால் வகுத்தால் 3 வருகிறது என்று வையுங்கள். கருவியின் இரைச்சல் வெப்பநிலை (300 - 3 × 10) ÷ 2, அதாவது 135 கெல்வின். விகிதம் ஒன்றரைக்குக் கீழே இருந்தால் பற்றவைப்பையும் பெருக்கிக்கு மின்சாரம் போகிறதா என்பதையும் பாருங்கள்.

வானைப் பார்க்கும் கூம்பின் முன்னால் ஒரு மாணவரை நிற்கச் சொல்லுங்கள். திறன் சட்டென்று ஏறும். மனித உடல் வெளியிடும் ரேடியோ அலை அது. வெப்பக் கதிர்வீச்சு என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லிவிடாது.

படி 4: வானம்

அக்டோபர் மாலைகளில் வடக்கே உயரத்தில் நிற்கும் சிக்னஸ் பகுதி தொடக்கத்துக்கு ஏற்றது. 5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைப்பட்டைகளாகப் பிரித்து ஒரு நிமிடம் சராசரி எடுத்தால், இரைச்சலின் ஏற்ற இறக்கம் கால் கெல்வின் அளவுக்கு அடங்கிவிடும். கோடோ பல பத்து கெல்வின் உயரம். வான நிறமாலையைத் தரை நிறமாலையால் வகுத்தால் வடிகட்டியின் வளைவு நீங்கி, மேடு தனியாக எழுந்து நிற்கும். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்பது சர்வதேச விதி. ஊருக்குள்ளிருந்தும் இது முடிவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

படி 5: வேகம்

கோடு 4.74 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் வாயு நொடிக்கு 1 கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்று பொருள். அதிர்வெண் கூடினால் நம்மை நோக்கி, குறைந்தால் விலகி. ஒரே கோட்டில் இரண்டு மூன்று மேடுகள் தெரிந்தால், ஒரே திசையில் வெவ்வேறு வேகத்தில் போகும் சுருள்கரங்களைப் பார்க்கிறீர்கள்.

பால்வீதியின் சுழற்சி வரைபடத்துக்குத் தாவுமுன் இன்னொரு சோதனையைச் செய்யுங்கள். ரிஷபத்தின் வடக்குக் கொம்பில் இருக்கும் எல்நாத் விண்மீனின் திசையில் ஹைட்ரஜன் கோட்டை மார்ச் மாத மாலையில் அளந்து, கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். செப்டம்பர் விடியற்காலையில் அதே இடத்தை மீண்டும் அளங்கள். மார்ச்சில் பூமி அந்தத் திசையிலிருந்து விலகுகிறது, செப்டம்பரில் நெருங்குகிறது. இடைப்பட்ட வேறுபாடு நொடிக்கு ஏறக்குறைய 60 கி.மீ. அதில் பாதிதான் பூமி சூரியனைச் சுற்றும் வேகம்.