நுரைக்கும் கிழங்கு

தண்ணீர்விட்டான் கிழங்கை இடித்துக் கரைத்தால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்கிறதே, குடிக்கலாமா?
– வாசகி, அமிர்தி

குடிக்கலாம் அம்மா. நுரைப்பது சபோனின். பூந்திக்கொட்டை நுரைப்பதும் சபோனினால்தான். உங்கள் கிழங்கில் இருப்பது ஸ்டீராய்டு வகை. அந்த மூலக்கூறின் 27 கார்பன் கொண்ட உடல் எண்ணெயை நாடும், அதில் தொங்கும் சர்க்கரை வால் தண்ணீரை நாடும். அந்த இழுபறியில் எழுவதே நுரை.

ஸ்டீராய்டு என்றதும் ஜிம் ஊசியை நினைத்துப் பதற வேண்டாம். தினமும் தாளிக்கிற வெந்தயத்திலும் இதே குடும்பத்து டயோஸ்ஜெனின் உண்டு. 1940களில் வேதியியலாளர் ரஸ்ஸல் மார்க்கர் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த டயோஸ்ஜெனினை புரோஜெஸ்டிரோன் ஹார்மோனாக மாற்றினார். ஆனால் ஆய்வுக்கூடத்தில்; நம் வயிற்றுக்கு அந்த வித்தை தெரியாது.

தோலைச் சீவி, நடு நரம்பை உருவிவிட்டு, பாலில் போட்டுக் காய்ச்சுங்கள். லேசாகக் கசந்தால் அதுவும் சபோனின் வேலைதான். கொஞ்சம் பனங்கற்கண்டு போதும்.