சமயபாடமுங் கதை சொல்லும் முறையும்

சைவ வித்தியாசாலைகளிலே சமயபாடங் கற்பிக்கும் உபாத்தியாயர்கள் தம்மைத் தாமே வினாவிக்கொள்ளற்பாலது ஒன்றுண்டு. அறுபத்துமூன்று நாயன்மாருடைய பெயர்களையும் குருபூசைத் தினங்களையும் பிழையின்றி ஒப்பிக்கும் மாணாக்கன், அவருள் ஒருவரையேனும் தன் மனத்தாலே கண்டிருக்கின்றானா? காணாதவிடத்து, அவன் பெற்றது பரீட்சைக்கு வேண்டும் விடை மாத்திரமே. பரீட்சை முடிந்தவுடனே அதுவும் நீங்கும். கண்டவிடத்தோ, அக்காட்சி அவன் முதுமைவரையும் உடனிருக்கும். அங்ஙனங் காணச்செய்யுங் கருவி கதையேயாம்.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்துத் திருக்கோயில்களிலே புராணபடனம் நிகழும்போது, ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவர். எழுத்தறியாதாரும் அதனைப் பலகாற் கேட்டு, நாயன்மார் சரித்திரங்களைத் தஞ்சுற்றத்தார் சரித்திரம்போல அறிந்தனர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1847 ஆம் ஆண்டு முடிவிலே வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே சைவப்பிரசங்கத்தைத் தொடங்கினார்கள். 1848 இலே அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். 1852 இலே பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார்கள். செய்யுளிலே புகமாட்டாதவரும் அச்சரித்திரங்களை அறிதற்கு அவ்வசனம் வழியாயிற்று. புராணபடனங் கேளாது வளரும் பிள்ளைகள் இக்காலத்துப் பலர். ஆதலினால், பயன் சொல்லுவார் செய்த பணி இப்பொழுது உபாத்தியாயர்மேலதாயிற்று.

கதை சொல்லும் முறையை இளையான்குடிமாற நாயனார் சரித்திரங்கொண்டு விளக்குவாம்.

"அடியாரை வழிபடுதல் சிறந்த புண்ணியம்; இதற்கு உதாரணம் ஒரு கதை" என்று தொடங்குதல் வழக்கமாயிருக்கின்றது. அது நன்றன்று. பொருளை முன்னே சொல்லிவிட்டாற் பிள்ளை கதையிலே தேடற்குரியது ஒன்றுமில்லை. நாயனாருடைய வீட்டு வாயிலிலே தொடங்குக. நள்ளிரவு, பெருமழை, வறுமை மிகுந்த வீடு, கொண்டாரும் கொடுத்தாரும் இல்லாத காலம். அவ்வேளையிலே ஓரடியார் நனைந்து வந்து நிற்கின்றார். வீட்டிலே ஒருபிடி அரிசியுமில்லை. இவ்விடத்து நிறுத்தி, "இனி அவர் யாது செய்வர்?" என்று வினாவுக. விடை கூற விரையற்க, பிள்ளைகள் சிந்திக்கட்டும்.

அன்று பகலிலே வயலில் விதைத்த நெல்முளையை வாரிக்கொண்டுவரலாமென்று மனைவியார் கூறுகின்றார். இதன் அருமை, உழவர் வீட்டுப் பிள்ளைக்கு உடனே விளங்கும். நகரத்துப் பிள்ளைக்கு விளங்காது. ஆகவே ஒருபிடி நெல்லை வகுப்பிற்குக் கொண்டுசென்று காட்டி, விதைத்ததை இன்று உண்டால் அறுவடைக்காலத்து உண்பதற்கு யாதுமில்லையென்பதை உணர்த்துக. அதன்பின், நாயனார் இருளிலே காலினால் வழியைத் தடவிச் சென்று, நீரிலே மிதந்த முளைகளைக் கையினால் வாரிக் கூடையை நிறைத்துத் தலையிற் சுமந்து மீண்டமையைச் சொல்லுக. நெல் வந்தது, விறகில்லை. வீட்டுக்கூரையின் மரத்தை அறுத்து வீழ்த்தினார். விறகு வந்தது, கறியில்லை. கொல்லையிலே முதிராத கீரையைப் பறித்தார். ஒவ்வோரிடையூறும் நீங்கும்போது மற்றொன்று தோன்றுகின்றது. பிள்ளைகளின் மனமும் அவருடன் அடியடியாகச் செல்லும். நெல்லை வறுத்துக் குற்றி அமுதாக்கியவரும், ஒரு கீரையையே பல கறிகளாகச் சமைத்தவரும் மனைவியார் என்பதை மறவாது சொல்லுக. அச்சிவபுண்ணியம் இருவர்க்கும் உரியது.

முடிவிலே மிக்க கவனம் வேண்டும். இறைவர் சோதியாய்த் தோன்றி அருள்புரிந்தமையை, இட்ட உணவிற்குக் கிடைத்த கூலிபோலச் சொல்லலாகாது. நம் வகுப்புக்களிலே காலையுணவின்றி வந்திருக்கும் பிள்ளையும் உண்டு. "கொடுத்தாற் செல்வம் வரும்" என்று கேட்கும் அப்பிள்ளை, "எங்கள் வீட்டிற்கு ஏன் வரவில்லை?" என்று தன்னுள்ளே வினாவும். அவ்வினாவிற்கு விடைபெறாத மனம் மெல்லமெல்லச் சமயத்தினின்றும் விலகும். நாயனார் வந்தவர் யாரென்று அறியாமலே வயலுக்குச் சென்றார். சோதி தோன்றுமுன்னரே அவருடைய அன்பு நிறைவெய்தியிருந்தது. இதனைத் தெளிவாகச் சொன்னால், வறிய பிள்ளையும் தன்னை அந்நாயனாருக்கு அணியனாகக் காண்பான்.

விலக்கற்பாலனவும் சில உள. நகைப்பிற்காக நூலிலில்லாதவற்றைச் சேர்த்தல் குற்றம். அடியாரையும் நாயனாரையும் நாடகக்காரர்போல நடித்துக்காட்டி மிகைப்படுத்தலும் குற்றம். புத்தகத்தைப் பார்த்து வாசித்தல் கதை சொல்லுதலாகாது. முதனாளிரவு சேக்கிழார் சுவாமிகள் அருளிய புராணத்தையேனும் நாவலரவர்களுடைய வசனத்தையேனும் இருமுறை படித்து, நிகழ்ச்சிகளின் ஒழுங்கை மனத்திலே நிறுத்தி, மாணாக்கர் முகத்தைப் பார்த்துச் சொல்லுக. பதினைந்து நிமிடத்திற்கு மேற்படாதிருத்தல் நன்று.

கதை முடிந்தவுடனே நீதியை அடுக்கற்க. சிறிதுநேரம் மௌனமாயிருந்து, பிள்ளை ஒருவனையோ ஒருத்தியையோ மீளச் சொல்லும்படி செய்க. அவர்கள் விட்டதும் அழுத்திச் சொன்னதும் எவையென்று கவனிக்கும் உபாத்தியாயர், பாடம் எவ்வளவு சென்று சேர்ந்ததென்பதைத் தாமே அறிவர். பின்பு, "அவ்வீட்டிலே நீர் இருந்தால் யாது செய்வீர்?" என்று வினாவுக. பிள்ளையின் வாயினின்றும் வரும் விடையே அன்றைய பாடத்தின் பொருளாம்.