இரு கூற்று நெடுவில்லும் அதன் இடைப்பொருத்தும்

சனகன் அவையிலிருந்த சிவதனுசு முறிந்த இடம் யாது? வான்மீகியார் அது நடுவில் முறிந்தது என்றே கூறுகின்றார். காப்பியம் கற்போர் முறிவின் ஓசையை நினைப்பரேயன்றி முறிந்த இடத்தை நினைப்பதில்லை. வில் செய்வோனுக்கோ அவ்விடமே முதன்மையானது. நாணை இழுக்கும்போது வில்லின் உடம்பெங்கும் வளைவுச் சுமை பரவுகின்றது. குதைகள் அமைந்த இரு முனைகளிலும் அது மிகக் குறைவு. கையாற் பற்றும் நடுவிலோ மிக அதிகம். ஆதலின் வில்லின் நடுவே அதன் உயிர்நிலை எனலாம்.

அவ்வுயிர்நிலையிலேயே வில்லை இரு கூறாக்கி, வேண்டும்போது பொருத்தியும் வேண்டாதபோது பிரித்தும் வைத்துக்கொள்ளும் முறையொன்று உண்டு. அதனை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள். தமிழாசிரியருக்கு இஃது ஏற்ற பொருளோ எனச் சிலர் வினவக்கூடும். வில், சிலை, நாண், கோல், குதை, பிடி என்னும் சொற்களை வகுப்பறையில் நாள்தோறும் விளக்குகின்றோம். அச்சொற்கள் குறிக்கும் பொருளை மாணாக்கர் கையிற் பிடித்துப் பார்த்தல் நன்றன்றோ? தெல்தெனியவிலிருந்து கண்டிக்குச் செல்லும் பஸ் வண்டியில் ஆறடி நீள வில்லொன்றை ஏற்றிச் செல்வது எளிதன்று. இரு கூறாயின் அது மூன்றடிப் பையொன்றில் அடங்கிவிடும். ஆனால் பொருத்துப் பிழைத்தால் முறிவது வில் மட்டுமன்று. எய்பவனுடைய கண்ணும் முகமும் இடருக்குள்ளாகும். ஆகவே இதனைச் சிந்தித்தே தெரிதல் வேண்டும்.

வில்லும் நம் அயலும்

பனை, மூங்கில், மரம், கொம்பு என்னும் நால்வகைப் பொருள்களால் வில் செய்யப்பட்டமையை அருத்தசாத்திரம் கூறுகின்றது. பனையை நன்கறிந்த நம்மவருக்கு இச்செய்தி மகிழ்வு தரும். நம் தெல்தெனியவிலிருந்து கிழக்கே உன்னஸ்கிரியவைக் கடந்து, பதினெட்டு வளைவு எனப் பெயர் பெற்ற மலைப்பாதையில் இறங்கி, மகியங்கனைக்கு அப்பாற் சென்றால் வேடர் வாழும் தம்பானை என்னும் ஊர் உள்ளது. அவர்தம் வில் ஏறக்குறைய ஓராள் உயரமுடையது, ஒரே கம்பாலானது, பிரிப்பும் பொருத்தும் அற்றது. காட்டிலே நடந்து திரிவோருக்குப் பிரிக்க வேண்டிய தேவை யாது? 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபின் அவர்தம் வேட்டைக்காடு சுருங்கியது. ஆயினும் வில் அவருடைய அடையாளமாய் நின்று நிலவுகின்றது.

வில்லைக் கைப்பிடியில் இணைத்தல் புதுமையான செயலன்று. இங்கிலாந்தில் நீண்ட நல்ல யூ மரம் கிடையாதபோது, குறுந்துண்டுகள் இரண்டைக் கைப்பிடியில் மீன்வால் வடிவாக வெட்டிப் பசையிட்டு ஒட்டி நெடுவில் செய்தனர். அது நிலையான ஒட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே குதிரை வண்டியிற் பயணஞ் செய்த வில்லாளருக்காக, உலோகக் குழலிற் செருகிப் பிரிக்கத்தக்க விற்களும் ஆங்கு வழங்கின. வண்டி வில் என்பதே அவற்றின் பெயர். நம் மாணாக்கரின் பஸ் இடர்ப்பாடும் அவ்வில்லாளரின் வண்டி இடர்ப்பாடும் ஒன்றே.

நடுவில் நேரும் சுமை

கணக்கொன்று காண்பாம். ஐந்தரை அடி நீளமும், 28 அங்குலம் இழுக்கும்போது 40 இறாத்தல் விசையும் உடைய நெடுவில் ஒன்றைக் கொள்க. முழு இழுப்பில் அதன் கைப்பிடியில் உண்டாகும் திருப்பம் ஏறக்குறைய 800 இறாத்தல்-அங்குலம் ஆகும். கைப்பிடியில் ஒரு குழல் இருக்க, அதனுள் ஒரு கூற்றின் நாக்கு 4 அங்குலம் நுழைகின்றது என்க. குழலின் வாயிலும் நாக்கின் உள்முனையிலும் எதிரெதிர்த் திசைகளில் அழுத்தம் விழும். 800ஐ 4ஆல் வகுக்க, ஒவ்வோரிடத்தும் 200 இறாத்தல் வரும். நாக்கு 2 அங்குலமே நுழையுமாயின் அது 400 இறாத்தலாகிவிடும். இக்கணக்குத் தோராயமானதேயெனினும் இது காட்டும் உண்மை தெளிவானது: பொருத்தின் வலிமை உலோகத்தின் தடிப்பைவிட, நாக்கு நுழையும் நீளத்தையே பெரிதும் சார்ந்துள்ளது.

மற்றோருண்மையும் உண்டு. நாணேற்றிய வில்லில் நாண் இரு முனைகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கின்றது. ஆதலின் இரு கூறுகளும் நடுவில் நெருக்கப்படுகின்றன. நாண் இருக்கும்வரை அவை தாமாகக் கழன்று பறப்பதில்லை. எனவே நாம் அஞ்ச வேண்டுவது கழலுதலை அன்று. அசைவையும், முறுக்கையும், மரம் பிளத்தலையுமே.

மூவகைப் பொருத்து

முதலாவது குழற்பொருத்து. ஒரு கூற்றின் நுனியில் உலோகக் குழல் இறுக ஒட்டப்பட்டிருக்கும். மற்றதன் நாக்கு அதனுட் செல்லும். கருவி எதுவும் வேண்டாம். அரை நிமிடத்திற் பொருத்தலாம். குழல் வட்டமாயிருப்பின் இரு கூறுகளும் ஒன்றற்கொன்று திரும்பிவிடும். ஆகையால் நீள்வட்டமான குழலே நன்று. வட்டக் குழலாயின் திரும்பாமற் காக்கும் முளையொன்று வேண்டும். நாக்கு வெறும் மரமாயின் மழைக்காலத்தில் ஊதி இறுகும். கோடையிற் சுருங்கி ஆடும். நாக்குக்கும் உலோக உறை இடுவதோ, கண்ணாடி நார்த்துணியை எபொக்சிப் பசையிற் தோய்த்துச் சுற்றுவதோ இதற்கு மருந்தாம். இப்பொருத்தின் குறை, கைப்பிடி பருத்தலும் பாரங் கூடுதலும், நாட்பட்ட தேய்வினால் அசைவு உண்டாதலுமாம்.

இரண்டாவது பிணைச்சற் பொருத்து. கைப்பிடியின் உள்ளே உலோகப் பிணைச்சலும் மரையாணியும் மறைந்திருக்கும். வெளித்தோற்றத்தில் முழு வில்லைப்போலவே மெலிந்து அழகாயிருக்கும். ஆனால் மரத்தை மிக நுட்பமாகக் குடைந்து உலோகத்தைப் பதிக்க வேண்டும். குடைவு சிறிது கோணினாலும் இரு கூறுகளும் நேர்கோட்டில் நில்லா. வில் செய்யும்போதே கைதேர்ந்த வில்வினைஞன் அமைக்க வேண்டிய பொருத்து இது.

மூன்றாவது கட்டுப்பொருத்து. இரு கூறுகளையும் நீண்ட சாய்வாக வெட்டி, ஒன்றன்மேலொன்று படியவைத்து, முளையிட்டுக் கயிற்றால் இறுகச் சுற்றுவது. கடைசற் பட்டறை வேண்டாம். கத்தியும் அரமும் உள்ள எவரும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டவும் அவிழ்க்கவும் நேரஞ் செல்லும். கயிறு நனைந்தால் தளரும். இளமாணாக்கர் இறுகக் கட்டினரா என்பதை ஆசிரியரே பார்த்தல் வேண்டும்.

தெரிந்தெடுக்கும் முறை

முதலில் வினவ வேண்டியது வில்லின் இயல்பையே. சில நெடுவிற்கள் கைப்பிடியுங்கூடச் சிறிது வளையுமாறு செய்யப்பட்டவை. வளையும் இடத்தில் வளையாத உலோகத்தை வைப்பின், உலோகம் முடியும் எல்லையிலே மரம் ஒடியும். ஆகவே விறைப்பான கைப்பிடியுடைய வில்லே பிரிப்பதற்கு உரியது. விறைப்பான பகுதி கூடும்போது வளையும் பகுதி குறைதலின், வில்லின் மொத்த நீளத்தைச் சில அங்குலம் கூட்டிக்கொள்ளல் வேண்டும். இதனாலேயே, முடிவுற்ற நல்ல வில்லொன்றை வாளால் நடுவில் அறுத்துக் குழலிடுதல் தகாது என்கின்றோம். பொருத்தை முன்னரே அமைத்து, பொருத்திய நிலையிலேயே இரு கூறுகளின் வளைவையும் சமமாகச் சீவுதல் முறையாகும். அவ்வாறு சீவிய கூறுகள் உடன்பிறந்தாரைப் போன்றவை. ஒன்று முறியின் வேறொன்றை எடுத்து ஒட்ட இயலாது.

அடுத்து விசை. இளமாணாக்கருக்குப் 20 முதல் 25 இறாத்தல் போதும். வளர்ந்தோருக்கு 40 வரை கொள்ளலாம். இவ்வெல்லைக்குள் நிற்கும் பாடசாலை விற்களுக்கு நாக்கு 4 அங்குலம் நுழையும் நீள்வட்டக் குழற்பொருத்தே நம் தேர்வு. பலர் கைமாறி ஆளும் வில்லுக்கு எளிமையே காவல். கழற்றிப் பார்த்தவுடன் தேய்வும் வெடிப்பும் கண்ணுக்குத் தெரியும். அழகும் மெலிவும் விரும்பும் முதிர்ந்த வில்லாளர் பிணைச்சலைத் தேர்க. கடைசற் பட்டறைக்குத் தொலைவில், தாமே தம் வில்லைச் செய்து தாமே ஆளும் பொறுமையுடையோர் கட்டுப்பொருத்தைத் தேர்க.

குழலுக்கு எப்பொருள் நன்று? உருக்கு வலியது, துருவேறா உருக்காயின் நம் மலைநாட்டு ஈரத்துக்கு ஏற்றது. பித்தளை மென்மையானதாதலின் தடிப்பாக வேண்டும், பாரமுங் கூடும். கண்ணாடி நார்க் குழல் இலேசானது. நாக்கின்மேல் மெழுகு பூசி அதன்மீதே சுற்றி வார்க்கலாமாதலின் அளவும் மிகப் பொருந்தும். அதனை அரம் கொண்டு தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க.

அளவும் சோதனையும்

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் வேடர் பற்றி ஓர் அரிய செய்தி தருகின்றார். அம்பலகு வேண்டிய வேடர் இரவிலே கொல்லன் பட்டறைக்கு வந்து, இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய வடிவில் வெட்டிய இலையொன்றையும் வைத்துச் செல்வராம். வாயாற் கூறும் அளவிலும் கையாற் காட்டும் வடிவம் பிழைபடாது என்பதை அவர் அறிந்திருந்தனர். கண்டியிலுள்ள கடைசற் பட்டறைக்குச் செல்லும் நம் மாணாக்கரும் அவ்வாறே செய்க. நாக்கின் குறுக்கு வடிவத்தைத் தடித்த தாளில் வெட்டிக் கொடுப்பதுடன், நாக்கையே எடுத்துச் செல்லுதலும் நன்று. பொருத்தும்போது கைவலிமையால் இறுகிச் செல்ல வேண்டும்; சுத்தியல் வேண்டுமாயின் மிக இறுக்கம்; தானாக நழுவி வீழ்ந்தால் மிகத் தளர்வு.

பொருத்தியபின் முனையிலிருந்து ஒரு கண்ணை மூடி நோக்குக. நாண் வில்லின் நடுக்கோட்டிலே அமைய வேண்டும். குழலின் விளிம்பிலே பென்சிலாற் குறுக்குக் கோடொன்று இடுக. வில்லைச் சட்டமொன்றில் வைத்துக் கப்பியும் கயிறும் கொண்டு, எட்ட நின்று, சிறிது சிறிதாகப் பலமுறை இழுக்க. கோடு விலகினாலும், கிளிக் என்னும் ஒலி கேட்டாலும், மரத்தில் மயிரிழை வெடிப்புத் தோன்றினாலும் அவ்வில்லைக் கையில் எடுத்தலாகாது. அம்பு தொடுக்காமல் நாணை விடுதல் எவ்வில்லுக்கும் கேடு. பொருத்துடைய வில்லுக்கோ பெருங்கேடு. எய்து முடிந்தபின் முதலில் நாணை இறக்கி, அதன் பின்னரே கூறுகளைப் பிரித்தல் வேண்டும். மேற்கூறு எது, கீழ்க்கூறு எது என்பதற்கு அடையாளம் இடுக. குழலை உலர்ந்த துணியால் துடைத்து, கூறுகளைத் தனித்தனியே வைக்க.

1985இல் விக்டோரியா நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அதன் பொருட்டு நம் பழைய தெல்தெனிய நகர் நீருள் அமிழ்ந்தது. மக்கள் மேட்டிலே புதிய ஊரமைத்து வாழ்கின்றனர். பழையதை அப்படியே வைத்திருத்தல் எப்போதும் இயல்வதன்று. ஆறடி வில்லைக் கொண்டுசெல்ல இயலாது என்பதற்காக வில்லையே கைவிடுதல் ஒரு வழி. அதனை அறிவோடு இரு கூறாக்கி, பொருத்தைச் செம்மையாய் அமைத்து, உடன் கொண்டுசெல்லல் மற்றொரு வழி. நம் மாணாக்கர் இரண்டாம் வழியைத் தெரிக. பழைய மாணவர்களுட் பொறியியலும் கடைசல் வேலையும் கற்றோர் பலர் உளர். அவர்கள் தம் கைவன்மையில் ஒரு குழலளவேனும் இக்கல்லூரிச் சிறார்க்கு ஈந்தால், சொல்லாய் மட்டும் கற்ற வில் அவர் கையிற் பொருளாய் வளையும்.