மண் இல்லாத இடத்தில் தோட்டம்: டவி பள்ளத்தாக்கு சொல்லும் பாடம்

வங்கியில் இருந்த காலத்தில், பயிர்க்கடன் கேட்டு வருபவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை ஏக்கர்? பட்டா யார் பேர்ல?" என்பதுதான். நிலம் இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நல்ல மண்ணும் சொந்த நிலமும் இல்லாதவர்கள் உணவு விளைவிக்கும் ஒரு பள்ளத்தாக்கைப் பற்றிப் படித்தபோது, அந்தக் கேள்வி எனக்கே உறுத்தியது.

பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் நாட்டில் ஓடுகிறது டவி ஆறு. அந்தப் பகுதியை 2009-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளப் பகுதியாக ஏற்றது. எங்கு பார்த்தாலும் பச்சைதான். ஆனால் அந்தப் பச்சையில் பெரும்பகுதி செம்மறி ஆடு மேயும் புல். கடையில் விற்கும் காய்கறியில் பெரும்பங்கு வெளியிலிருந்து லாரியில் வருகிறது. மலைப்பகுதியில் ஆண்டுக்கு 2000 மி.மீ.க்கு மேல் மழை. அது சுண்ணாம்புச் சத்தையும் தழைச்சத்தையும் அடித்துக்கொண்டு போய்விடுவதால் மண் அமிலத்தன்மை கூடி நிற்கிறது. பச்சையாக இருப்பதெல்லாம் உணவு தரும் நிலம் இல்லை, பாருங்க!

குப்பையிலிருந்து மண்

மகன்லெத் என்ற சிற்றூருக்கு அருகே, கைவிடப்பட்ட சிலேட்டுக் கல் குவாரியில் 1973-இல் மாற்றுத் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டது. அங்கே இருந்தது கல்லுக்கழிவுதான். மட்கு உரம் போட்டுப் போட்டுத்தான் தோட்டத்துக்கு மண்ணை உண்டாக்கினார்கள்.

அவர்கள் பரப்பிய ஒரு முறை மழைக்காலத்துக்கு ரொம்பப் பொருத்தம். சமையலறைக் கழிவை மட்டும் குவித்தால் ஈரத்தில் அமுங்கி, காற்று போகாமல் நாறிவிடும். அதனால் கழிவு எவ்வளவோ, அதே கன அளவுக்கு அட்டையும் காகிதமும் கசக்கிப் போடுகிறார்கள். கசக்குவதுதான் முக்கியம், மடித்துப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். கசக்கிய அட்டை அதிக ஈரத்தை உறிஞ்சும், காற்றுக்கு இடைவெளி தரும், கரிமச்சத்தும் கொடுக்கும். கிளறவே வேண்டாம். புழுக்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஓராண்டு வரை பொறுமை வேண்டும். குவியல் அதிகம் சூடேறாது. ஆகவே விதை முற்றிய களையைப் போடக்கூடாது. பிளாஸ்டிக் நாடாவையும் பளபளப்பு பூசிய அட்டையையும் ஒதுக்கிவிட வேண்டும்.

ஆறு பேர் கேட்டால் நிலம்

1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊரில் வாக்குரிமை உள்ள ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால், தோட்ட நிலம் தருவது பற்றி உள்ளாட்சி மன்றம் பரிசீலித்தாக வேண்டும். வழக்கமான பாத்தி அளவு சுமார் 250 சதுர மீட்டர். நம்ம கணக்கில் ஆறு சென்ட்டுக்குச் சற்று அதிகம். விற்பனைக்கு இல்லை, குடும்பத்துக்குக் காய்கறி விளைவிக்கத்தான். நிலம் சொந்தமாகாது, ஆண்டு வாடகைதான்.

அதே மகன்லெத்தில், பொது இடங்களில் மூலிகையும் பழச்செடியும் காய்கறியும் நட்டு, "வேண்டியவர் பறித்துக்கொள்ளலாம்" என்று விட்டிருக்கிறது ஒரு தன்னார்வக் குழு. 1291-இல் உரிமை பெற்ற புதன்கிழமைச் சந்தை அந்த ஊரில் இன்றும் கூடுகிறது.

இடைவெளியைத் திட்டமிடுதல்

குளிர்காலத்தில் அங்கே பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. பயிர் வளர்ச்சி நின்றுவிடும். அதனால் கோடையிலேயே லீக் என்ற வெங்காயக் குடும்பச் செடியையும் கேல் கீரையையும் வளர்த்து வைத்து, குளிர் முழுக்க வயலிலிருந்தே பறிக்கிறார்கள். கிழங்குகளைச் சேமிக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பழைய பயிர் பூத்துவிடும், புதியது வந்திருக்காது. அதைப் 'பசி இடைவெளி' என்கிறார்கள். நமக்கு அந்த இடைவெளி கோடை. எந்த மாதம் வீட்டில் காய் இல்லையோ, அந்த மாதத்தை முதலில் குறித்துக்கொண்டு பின்னோக்கி விதைப்பைத் திட்டமிட வேண்டும்.

எங்கள் கிணற்றடியில் ஆறு சென்ட் சும்மா கிடக்கிறது. இந்த ஆடிப்பட்டத்துக்கு அதை நிலமற்ற ஒரு குடும்பத்துக்கு விடலாம் என்றிருக்கிறேன். "கொடுத்தா திரும்பி வருமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். ஓராண்டுக்கு எழுத்து ஒப்பந்தம், பெயருக்கு ஒரு வாடகை, விருப்பம் இருந்தால் புதுப்பிப்பு. அவர்களுக்கும் பாதுகாப்பு, எனக்கும் பாதுகாப்பு. கடன் கேட்டு வந்தவர்களை, நிலம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியவன் நான். இந்த ஆறு சென்ட்டில் அந்தக் கணக்கைக் கொஞ்சமாவது நேர் செய்யப் பார்க்கிறேன்.