கிளட்ச் எங்க பிடிக்குது?

எபிசோடில் எலக்ட்ரிக் கார்களைப் பற்றி நிறையக் கதைச்சிட்டம். ஆனா கேட்கிற ஆக்களில் கனபேர் இப்பதான் குட்மேய்ஸில் டெஸ்ட் பாஸ் பண்ணி, மலிவா ஒரு பழைய மனுவல் கார் தேடுறீங்கள். அவைக்குத்தான் இது.

ஒரு வேலை செய்து பாருங்கோ. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, கிளட்ச் பெடலைக் கையால மெல்ல அமத்துங்கோ. காலால வேண்டாம், காலுக்கு இந்த நுணுக்கம் விளங்காது. முதல் கொஞ்சத் தூரம் பாரமில்லாமல் போகும், பிறகு இறுகும். அந்தச் சும்மா போற தூரம்தான் ஃப்ரீ பிளே. கேபிள் கிளட்ச் உள்ள பல கார்களில் இது 10 தொடக்கம் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கட காருக்குரிய சரியான அளவு அதின்ர கைநூலில் இருக்கும்.

இந்த இடைவெளி ஏன் வேணும்? கிளட்ச் பிளேட்டை எஞ்சினோட ஒட்ட வைச்சிருக்கிறது ஒரு பலமான ஸ்பிரிங். பெடலை அமத்தினால் கேபிள் இழுபட்டு, ஒரு பேரிங் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளும், பிளேட் விடுபடும். ஃப்ரீ பிளே இல்லையெண்டால் பேரிங் எந்நேரமும் ஸ்பிரிங்கில் சாய்ஞ்சபடிதான் நிற்கும். பிளேட் வழுக்கும். ஹை ரோட்டில் ஆக்சிலேட்டரை மிதிச்சால் எஞ்சின் கத்தும், வேகம் ஏறாது, கருகின மணம் வரும். ஃப்ரீ பிளே கூடிப்போனால் இதுக்கு எதிர்மாறு: பெடலை அடிமட்டும் அமத்தியும் பிளேட் முழுசா விடுபடாது, ரிவர்ஸ் போடேக்க கறகறவெண்டு சத்தம் கேட்கும்.

கேபிள் கார் எண்டால் திருத்தம் சின்னது. கியர்பொக்ஸ் பக்கத்துக் கேபிள் நுனியில் ஒரு லொக் நட், அதுக்குப் பக்கத்தில் அட்ஜஸ்டிங் நட். ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் ஆறினாப் பிறகு, லொக் நட்டைத் தளர்த்தி மற்றதை அரைச் சுற்று மட்டும் திருப்புங்கோ. பெடலை நாலைஞ்சு தரம் மிதிச்சு, அடிமட்டத்தால திரும்ப அளவுங்கோ. அளவு சரிவந்தால் லொக் நட்டை இறுக்குங்கோ. காருக்குக் கீழ போகவேண்டி வந்தால் ஜாக்கை மட்டும் நம்பிப் போகாதீங்கோ. ஆக்சில் ஸ்டாண்ட் கட்டாயம். சில கார்களில் கேபிள் தானாவே சரிபண்ணும், அதில கைவைக்க வேண்டாம்.

(அம்மப்பா காலத்து மொறிஸ் மைனரில் கேபிளே இல்லை. ஒரு இரும்புக் கம்பி, நுனியில் ஒரு நட், அவ்வளவுதான்.)

இப்பத்தைய கார்களில் பெரும்பாலும் ஹைட்ரோலிக். அதில பெடல் பஞ்சு மாதிரி இருந்தால், இல்லாட்டி கீழயே நிண்டால், நட்டைத் தேடாதீங்கோ. எங்கயோ ஒழுகுது, இல்லாட்டிக் காத்துப் பூந்திட்டுது. பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டாங்கிதான். அதில மட்டம் குறைஞ்சிருந்தால் பிரேக்கும் சேர்ந்து யோசிக்கவேண்டிய விசயம். காரை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கோ.

வாங்கப் போற காரிலும் பெடலைக் கவனியுங்கோ. பிளேட் தேயத் தேயக் கேபிள் காரில் ஃப்ரீ பிளே குறைஞ்சுகொண்டே போகும், நட்டைத் திருப்பித் திருப்பிச் சமாளிக்கலாம். நட்டில் திருப்ப இடமில்லாமல் நூல் முழுக்க முடிஞ்சிருந்தால் பிளேட்டின்ர காலமும் முடிஞ்சுது. மூண்டாம் கியரில் மெதுவாப் போகேக்க ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சுப் பாருங்கோ. ரெவ் மட்டும் பாய்ஞ்சால், "சும்மா ஒரு அட்ஜஸ்ட்மெண்ட் தம்பி" எண்டு விற்கிறவர் சொல்லுவார். கிளட்ச் மாத்திற செலவை விலையில் கழிச்சுப்போட்டுப் பேசுங்கோ.