நொதியும் மின்வாயும்

மனித உடலுக்கு இன்றியமையாத பொருள்களுள் கொலஸ்டிரால் ஒன்றாகும். மெழுகு போன்ற இப்பொருள் உயிரணுக்களின் மெல்லிய உறைகளில் அமைந்து அவற்றிற்கு உறுதி தருகின்றது. உணவுக் கொழுப்பைச் செரிக்கச் செய்யும் பித்த உப்புகளும் இதிலிருந்தே உண்டாகின்றன. ஆயினும், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சாகும் அன்றோ? குருதியில் இது மிகுமாயின், குழாய்களின் உட்சுவரில் சிறிது சிறிதாகப் படிந்து வழியைக் குறுக்கிவிடும். அதனால் நெஞ்சிற்குச் செல்லும் குருதி தடைப்படுவதும் உண்டு. காய்ச்சலைப்போலவோ தலைவலியைப்போலவோ இது தன் வரவை முன்னரே அறிவிப்பதில்லை. ஆதலின், அளந்து பார்த்தாலன்றி இப்பகையை அறிதல் அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதனை அறியும் முறையொன்று தோன்றியது. கடுமையான கந்தக அமிலமும் வேறு சில பொருள்களும் சேர்ந்தால் கொலஸ்டிரால் பச்சை நிறம் காட்டும். அந்நிறத்தின் செறிவைக் கொண்டு அளவைக் கணித்தனர். ஆனால், தேர்ந்த கைகளே அவ்வமிலத்தைக் கையாள முடிந்தது. குருதியிலுள்ள பிற பொருள்கள் அளவைப் பிழைபடச் செய்வதும் உண்டு.

இவ்விடரைத் தீர்க்கும் கருவி இயற்கையிடமே இருந்தது. உயிர்களின் உடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் பொருள்கள் நொதிகள் எனப்படும். ஒரு பூட்டுக்கு அதற்குரிய சாவியே பொருந்துவதுபோல, ஒவ்வொரு நொதியும் தனக்குரிய பொருளோடு மட்டுமே பொருந்தும் என 1894-இல் எமில் ஃபிஷர் என்னும் ஜெர்மானிய அறிஞர் விளக்கினார்.

நொதியைக் கருவியோடு இணைத்த பெருமை அமெரிக்கரான லீலண்ட் கிளார்க்கைச் சாரும். அவர் குருதியில் ஆக்சிஜனைக் கலக்கும் கருவியொன்றை அமைத்து, அதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குருதியில் கலந்த ஆக்சிஜனின் அளவு காட்டப்படவில்லை என்று கூறி இதழாசிரியர் அதனை ஏற்க மறுத்தார். கிளார்க் மனந்தளர்ந்தாரல்லர், ஆக்சிஜனை அளக்கும் மின்வாய் ஒன்றைத் தாமே படைத்து 1956-இல் வெளியிட்டார். 1962-இல், லயன்ஸ் என்பவருடன் சேர்ந்து, அம்மின்வாயின்மீது சர்க்கரைக்குரிய நொதியை மெல்லிய சவ்வினால் பொதிந்து குருதிச் சர்க்கரையை அளக்கலாம் என விளக்கினார். உயிருணரி என்னும் கருவியினம் இவ்வாறு பிறந்தது.

கொலஸ்டிராலை அளக்கவும் இவ்வழி பயன்பட்டது. இதற்குரிய நொதியை மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து பிரித்தெடுத்துக் குருதிச் சோதனைக்குப் பயன்படுத்தும் முறை 1973-இல் வெளியாயிற்று. குருதியிலுள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதி கொழுப்பு அமிலத்தோடு பிணைந்தே இருக்கும். முதலில் ஒரு நொதி அப்பிணைப்பை அவிழ்க்கின்றது. பின்னர் மற்றொரு நொதி, விடுபட்ட கொலஸ்டிராலை ஆக்சிஜனோடு சேர்த்து மாற்றுகின்றது. அப்பொழுது ஹைட்ரஜன் பெராக்சைடு தோன்றுகின்றது. அது மின்வாயை அடைந்ததும் சிறு மின்னோட்டம் எழுகின்றது. கொலஸ்டிரால் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். குறைந்தால் அதுவும் குறையும். அதனைக் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகின்றது.

இக்கருவிக்கும் குறைகள் உண்டு. நொதிகள் வெப்பத்தால் வலுவிழக்கும். குருதியிலுள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம் ஆகியனவும் மின்வாயில் மின்னோட்டத்தை எழுப்பி அளவைப் பிறழச் செய்யக்கூடும். தக்க சவ்வுகளாலும் வேறு உபாயங்களாலும் இக்குறைகளை நீக்க அறிஞர் முயன்று வருகின்றனர்.

வளர்ந்தவர்க்கு, 100 மில்லிலிட்டர் குருதியில் மொத்தக் கொலஸ்டிரால் 200 மில்லிகிராமுக்குக் குறைவாக இருத்தல் நலம் என்பது பொதுவான மருத்துவ வழக்கு. கருவி எண்ணை மட்டுமே காட்டும்; அதன் பொருளை உரைப்பவர் மருத்துவர். அவர் சொற்கேட்டு உணவில் அளவும், உடலுக்கு உழைப்பும், வேண்டுமிடத்து மருந்தும் கொள்ளுதல் அவரவர் கடமையாகும். வருமுன் காக்க வழிகாட்டுவதே அளவையின் பயன்.