கடன் அட்டையும் அளவு விரதமும்



இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக வைக்கப்பெற்றது மிகுபொருள் விரும்பாமை. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை என்று அடுக்கிச் சொல்லும் நம் சிறார் இதனையும் சேர்த்து ஒப்பித்துவிடுவர். ஆயின், ‘மிகுபொருள்’ எங்கே தொடங்குகிறது என்று வினவினால் பெரியோரும் சற்றுத் தயங்குவர். “எம்மிடம் மிகுபொருள் ஏது? உள்ளதே பற்றவில்லை” என்பதே பல குடும்பங்களின் விடையாகும். அவ்விடை பொருத்தமாக இருந்த காலம் ஒன்று உண்டு. கையில் பணம் இல்லாமலே பொருள் வாங்கும் வசதி வந்துவிட்ட இந்நாளில் அது போதாது. கடன் அட்டை என்னும் சிறு தகடு, வருவாய் குறைந்தவரையும் மிகுபொருளுக்கு உரியவராக்கிவிடுகிறது.

அக்கடன் வளரும் முறையையும், சிக்கன வாழ்வால் அதனைத் தீர்க்கும் வழியையும், அதற்கு நம் விரதநெறி துணைநிற்கும் திறத்தையும் இப்பாடத்தில் காண்போம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எம் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே இதனை விளக்குவேன். என் தமக்கையாரின் மகன் சென்னையில் பணிபுரிபவன். மனைவி, ஒரு பெண் குழந்தை, உடன் தாய். தந்தையின் மருத்துவச் செலவுக்காகவே முதன்முதலில் கடன் அட்டையைப் பயன்படுத்தினான். அதில் குறை காண்பதற்கில்லை. தந்தை காலமான பின்னரும் அட்டை ஓயவில்லை. புதிய கைப்பேசி, குளிரூட்டும் கருவி, உறவினர் திருமணத்திற்குப் பட்டு என்று செலவு தொடர்ந்தது. முதல் அட்டை நிரம்பியதும் இரண்டாவது வந்தது.

ஓர் ஆண்டு தசலக்ஷண பருவத்திற்கு ஊருக்கு வருவதாகச் சொன்னவன் வரவில்லை. நான் நேரில் சென்று காரணம் கேட்டேன். “பேருந்துக் கட்டணத்தையும் அட்டையில்தான் செலுத்த வேண்டும் மாமா. அம்மாவுக்கும் இவளுக்கும் ஒன்றும் தெரியாது” என்று தலை குனிந்தான்.

ஓர் அட்டையில் 72,000 ரூபாய், மற்றொன்றில் 28,000 ரூபாய்; ஆக ஓர் இலட்சம். வட்டி மாதத்திற்கு 3.5 விழுக்காடு. கேட்பதற்குச் சிறிய எண். ஆண்டுக்கு 42 விழுக்காடு. ஓர் இலட்சத்திற்கு ஒரு மாத வட்டி 3,500 ரூபாய். அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 630 ரூபாய். இரண்டும் சேர்ந்து 4,130 ரூபாய். அவன் மாதந்தோறும் இரு அட்டைகளுக்கும் கட்டிவந்த ‘குறைந்த அளவுத் தொகை’ 5,000 ரூபாய். எனவே அசலில் குறைந்தது 870 ரூபாய் மட்டுமே. ஒரு மாலைப் பொழுதின் கடைச் செலவு அந்த 870 ரூபாயையும் மீண்டும் நிரப்பிவிடும்.

புதிதாக எதுவும் வாங்காமல் மாதம் 5,000 ரூபாய் கட்டிவந்தாலும் கடன் தீர 44 மாதங்கள் ஆகும். கட்டிய தொகை ஏறத்தாழ 2,16,000 ரூபாய் ஆகிவிடும். ஓர் இலட்சத்திற்கு இரண்டு இலட்சத்துக்கும் மேல்!

கடன் வளரும் முறை

உரிய நாளில் முழுத்தொகையையும் கட்டிவிடுபவர்க்கு வட்டி இல்லை. ஒரு பகுதியை நிறுத்திவிட்டாலோ அச்சலுகை போய்விடுகிறது; அதன்பின் வாங்கும் பொருள்களுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஏறும். அட்டையைக் கொண்டு இயந்திரத்தில் பணமாக எடுத்தால், எடுத்த நாள் முதல் வட்டியும் தனிக் கட்டணமும் உண்டு.

இவ்வட்டிக்குச் சட்டம் வரம்பு கட்டுமோ என்று சிலர் கேட்பர். ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டி முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது உண்மையே. ஆயின் 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. எனவே வரம்பைப் பிறர் கட்டுவர் என்று காத்திராமல், நாமே கட்டிக்கொள்ள வேண்டியவராய் இருக்கிறோம். வரம்பு கட்டுதல் நமக்குப் புதிதன்று.

நியமம் என்னும் கருவி

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று போகோபபோக பரிமாணம். ஒருமுறை நுகர்ந்து முடிவது போகம். உணவு, பூ, சாந்து போல்வன. மீண்டும் மீண்டும் பயன்கொள்வது உபபோகம். ஆடை, அணி, ஊர்தி, வீடு போல்வன. இவ்விரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்வதே இவ்விரதம். இல்லறத்தாரை ‘அனைத்தையும் விடுக’ என்று நம் முன்னோர் பணித்தாரில்லை. ‘அளவு செய்க’ என்றே பணித்தனர்.

அவ்வளவை வாழ்நாள் முழுவதற்கும் மேற்கொள்வது யமம். ஒரு நாள், ஒரு திங்கள், ஆறு திங்கள் என்று காலம் வரையறுத்து மேற்கொள்வது நியமம். கடனில் உள்ள குடும்பத்திற்கு இந்நியமமே ஏற்ற கருவி என்பது எளியேன் கருத்து. ‘இனிச் சிக்கனமாக இருப்பேன்’ என்னும் பொதுவான உறுதி ஒரு வாரத்தில் தேய்ந்துவிடும். ‘இன்ன பொருளில், இன்ன அளவில், இன்ன நாள் வரை’ என்று எழுதி வைத்த நியமம் நிற்கும். முடியும் நாள் தெரிந்திருப்பதால் மனம் அதனைத் தாங்குகிறது.

ஒன்பது மாதங்கள்

அன்றிரவே குடும்பம் ஒன்றாக அமர்ந்தது. மருமகள் சினந்து பேசவில்லை. “கடன் இருந்ததைவிட, என்னிடம் சொல்லாமல் இருந்ததே வலிக்கிறது” என்று மட்டும் சொன்னாள். பின்னர் அவளே குறிப்பேட்டை எடுத்து, முந்திய மூன்று மாதச் செலவுகளை எழுதத் தொடங்கினாள். குறைக்கத்தக்கவை இவை என்று கண்டனர்:

வீட்டிற்கு வரவழைக்கும் உணவு: 3,200 ரூபாய்
புதுத்துணி: 2,000 ரூபாய்
பெட்ரோல் செலவில் ஒரு பகுதி: 1,200 ரூபாய்
விடுமுறை நாள் உலா: 1,000 ரூபாய்
விழாக்களுக்கு வாங்கும் பரிசுகள்: 1,000 ரூபாய்
கைப்பேசித் திரைப்படச் சந்தாக்கள்: 600 ரூபாய்

கூடுதல் 9,000 ரூபாய். முன்பு கட்டிவந்த 5,000 ரூபாயுடன் சேர்த்தால் மாதம் 14,000 ரூபாய். ஒன்பது மாத நியமம் ஏற்றனர். அட்டைகள் இரண்டும் என் தமக்கையாரின் பெட்டிக்குச் சென்றன. கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த அட்டை எண்களும் நீக்கப்பெற்றன; இதனைச் செய்யாவிடில் பெட்டியைப் பூட்டியும் பயனில்லை.

உணவுச் செலவு குறைந்த விதம் கருதத்தக்கது. நகர வாழ்வில் நெகிழ்ந்துபோயிருந்த இரவுண்ணாமையை மீண்டும் கைக்கொண்டனர். அவன் மாலை உணவையும் அடுக்குப் பாத்திரத்தில் எடுத்துச் சென்று, கதிரவன் மறையுமுன் அலுவலகத்திலேயே உண்டான். இரவு பத்து மணிக்கு உணவு வரவழைக்கும் வழக்கம் தானே நின்றது.

இரு அட்டைகளுக்கும் வட்டி ஒன்றே ஆதலால் சிறிய கடனை முதலில் தீர்க்க முடிவு செய்தனர். பெரிய அட்டைக்குக் குறைந்த அளவுத் தொகையாகிய 3,600 ரூபாய். எஞ்சிய 10,400 ரூபாய் சிறிய அட்டைக்கு. மூன்றாம் மாதத்தில் அது முற்றும் தீர்ந்தது. அவ்வெற்றி தந்த ஊக்கத்தோடு முழுத்தொகையும் பெரிய அட்டைக்குத் திரும்பியது. வட்டி வேறுபட்டிருந்தால் வட்டி மிகுந்த கடனையே முதலில் தீர்ப்பது இலாபமாகும்.

இடையூறு வாராமலில்லை. ஐந்தாம் மாதத்தில் குழந்தையின் பள்ளிக் கட்டணம் வந்து நின்றது. அதனை எவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. பெட்டியைத் திறப்பதா என்ற பேச்சும் எழுந்தது. என் தமக்கையார் ஊர் நிலத்து நெல் விற்ற பணத்தைக் கொடுத்து உதவினார். எல்லாக் குடும்பத்திற்கும் அத்தகைய துணை வாய்க்காது. ஆதலின், மாதம் ஆயிரம் ரூபாயேனும் தனியே ஒதுக்கிவிட்டே நியமம் வகுக்க வேண்டும். ஒரு மாதம் கூடுதலானாலும் தாழ்வில்லை.

ஒன்பதாம் மாதம் எஞ்சியிருந்த ஏறத்தாழ 9,000 ரூபாயும் கட்டப்பெற்றது. மொத்தம் கட்டியது ஏறத்தாழ 1,21,000 ரூபாய். பழைய வழியே சென்றிருந்தால் இழந்திருக்கக்கூடிய தொகையில் 95,000 ரூபாய் மிஞ்சியது.

கடன் தீர்ப்போர் அறிய வேண்டுவன

ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிகள் சில நமக்குப் பயன்படும். கெடுநாள் கடந்து மூன்று நாள்களுக்கு மேல் சென்ற பின்னரே தாமதக் கட்டணம் விதிக்கலாம். பாக்கி அனைத்தையும் கட்டிவிட்டு அட்டையை மூடும்படி கேட்டால், ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளர்க்குத் தர வேண்டும். கடன் வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைத்தல் ஆகாது. வங்கியிடம் முறையிட்டும் தீராத குறையை ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கொண்டு செல்லலாம்.

‘பாதி கொடுத்தால் முடித்துக்கொள்கிறோம்’ என்று வங்கி சொன்னால் உடனே மகிழற்க. அவ்வாறு முடித்த செய்தி கடன் வரலாற்றில் பதிந்து, பின்னாளில் வீட்டுக்கடன் பெறுவதற்குத் தடையாகும். நகையீட்டுக் கடனுக்கு வங்கிகளில் வட்டி மிகக் குறைவு. அதனைப் பெற்று அட்டைக் கடனை அடைப்பதும் தக்க வழியே. ஆயின் அட்டையைப் பூட்டி வைக்க இயலாதவர் அவ்வழி சென்றால், நகையும் போய்க் கடனும் நிற்கும்.

கடனின் வேர்

கடனை வளர்த்தது வட்டி மட்டுமன்று. கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் பின்னவை மூன்றும் அங்கே தொழில் செய்தன. வேண்டாததை வேண்டியது உலோபம். உறவினர்முன் தாழக்கூடாது என்று பட்டு வாங்கியது மானம். வீட்டார்க்கு மறைத்தது மாயை. இவற்றுள் மாயை நீங்கிய இரவிலேதான் கடன் தீரத் தொடங்கியது என்பதை மறத்தலாகாது. ஆதலின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் கடனை வாய்திறந்து சொல்லும்போது கடிந்து வாயடைத்துவிடற்க.

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. அவ்வொன்பது மாதங்களிலும் அவர்கள் தானத்தை நிறுத்தவில்லை, அளவைச் சுருக்கினர். அட்டையில் கடன் வாங்கிச் செய்யும் விருந்தும் சிறப்பும் பிறர் மெச்சுதற்கு உதவலாம். அவற்றைத் தானம் என்று கருதுதற்கில்லை. தன்னுடையதல்லாத பொருளைத் தானம் செய்தல் எங்ஙனம் கூடும்?

அடுத்த தசலக்ஷண பருவத்தில் அவன் குடும்பத்துடன் ஊருக்கு வந்தான். நியமம் முடிந்த பின்னும் இரவுண்ணாமையும் செலவுக் குறிப்பேடும் தொடர்கின்றன. அட்டைகளுள் ஒன்று மூடப்பெற்றது. மற்றொன்று இன்றும் என் தமக்கையாரின் பெட்டியில் உள்ளது.

குடும்பத்துடன் அமர்ந்து சிந்திக்க:

1. சென்ற திங்களில் நம் வீட்டிற்கு வந்த பொருள்களுள் போகம் எவை? உபபோகம் எவை?
2. வீட்டில் உள்ள மற்றவர் அறியாத கடன் எவர்க்கேனும் உண்டா?
3. வரும் மூன்று திங்களுக்கு நாம் ஏற்கத்தக்க நியமம் ஒன்றை, அளவும் முடிவு நாளும் குறித்து எழுதுக.